இணையம் வளர்ந்த கதை – 14: பக்கத்துக்குள் ஒரு செவ்வகம்

1995 தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு கூட்டம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜேம்ஸ் காஸ்லிங் ஒரு வலைப் பக்கத்தைத் திரையில் காட்டினார். சில வரி எழுத்து, நடுவே ஒரு மூலக்கூறின் படம். அன்றைய பக்கங்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை. காஸ்லிங் மவுஸைப் படத்தின் மேல் கொண்டுபோய் நகர்த்தினார். மூலக்கூறு சுழன்றது. அரங்கமே வாய்விட்டு வியந்தது.

அந்தப் படம் உண்மையில் ஜாவா மொழியில் எழுதிய குட்டி நிரல். அதற்கு ஆப்லெட் என்று பெயர். மே 23 அன்று சன் ஜாவாவை முறைப்படி அறிவித்தபோது, நெட்ஸ்கேப்பின் மார்க் ஆண்ட்ரீசனும் மேடையேறி, தங்கள் உலாவியில் ஜாவா வரும் என்றார். 1997 ஜனவரியில் வந்த ஹெச்டிஎம்எல் 3.2, ஆப்லெட் டேக்கையும் சேர்த்துக்கொண்டது.

அந்த டேக்கின் எளிமை எனக்கு இன்றும் பிடிக்கும். நிரல் கோப்பின் பெயர், அகலம், உயரம் இந்த மூன்றையும் எழுதினால் போதும். உலாவி அந்த அளவுக்கு ஒரு செவ்வகத்தை ஒதுக்கிவிட்டு, நிரலைச் சர்வரிலிருந்து இறக்கி, அதற்குள் ஓடவிடும். ஜாவா தெரியாத பழைய உலாவியாக இருந்தால், தொடக்க டேக்குக்கும் முடிவு டேக்குக்கும் நடுவே எழுதிவைத்த வாக்கியத்தைக் காட்டும்.

இவற்றையெல்லாம்விட அருமையானது 'பாரம்' என்ற துணை டேக். ஊசல் ஆடுவதைக் காட்டும் ஒரு நிரல் இருக்கிறது என்று வையுங்கள். கயிற்றின் நீளத்தைப் பாரம் டேக்கில் வாங்கிக்கொள்ளும்படி அதை எழுதியிருந்தால், ஒரு வரியும் நிரல் எழுதத் தெரியாத இயற்பியல் ஆசிரியர்கூட அந்த எண்ணை மட்டும் மாற்றித் தன் பாடத்துக்கு ஏற்ற ஊசலைப் பக்கத்தில் வைத்துவிடலாம். வில்லை, எறிபொருள், மின்சுற்று என்று எத்தனையோ பாடங்கள் இப்படித்தான் வலையில் அசையத் தொடங்கின. நிரல் எழுதுபவரும் பாடம் நடத்துபவரும் ஒருவராகவே இருக்க வேண்டிய கட்டாயம் போனதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் செவ்வகத்துக்குள் நடந்தது எதுவும் உலாவியின் வேலை அல்ல. ஜாவா இயந்திரம் என்ற தனி மென்பொருள்தான் அதை நடத்தியது. அது விழித்தெழும்வரை பக்கத்தில் வெறும் சாம்பல் நிறப் பெட்டிதான் தெரியும். நம் கணினியின் கோப்புகளைத் தொடக் கூடாது, தான் வந்த சர்வரைத் தவிர வேறெதனுடனும் பேசக் கூடாது என்று ஆப்லெட்டுக்கு விதிகள் இருந்தன. நல்ல விதிகள்தான். அவற்றைக் காக்க வேண்டிய மென்பொருளில் ஓட்டைகள் வந்தபடியே இருந்தன. 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, உலாவியில் ஜாவாவை முடக்கிவைக்கும்படி மக்களுக்குச் சொன்னது. ஐபோனின் உலாவியோ ஆப்லெட்டுக்கு ஒருபோதும் இடம் தரவில்லை. 2015-இல் குரோமும் 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும் கதவை மூடின. 2018-இல் வந்த ஜாவா 11, ஆப்லெட்டை உலாவியில் ஓட்டும் வசதியையே நீக்கியது.

மனம் கனப்பது அந்தப் பாடங்களை நினைத்துத்தான். நிரலில் பிழையில்லை, அறிவியலும் மாறவில்லை. ஆனாலும் அவை ஓடாமல் நின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டம், ஜாவாவிலும் ஃபிளாஷிலும் செய்த பாடங்களை ஒவ்வொன்றாக ஹெச்டிஎம்எல் 5-இல் திரும்ப எழுதியது. அப்படி எழுத ஆளும் பணமும் இல்லாத தனி ஆசிரியர்களின் ஆப்லெட்டுகள் பல, போட்ட இடத்திலேயே கிடக்கின்றன.

ஃபெட் குழுவுக்குக் கைகொடுத்த புதிய முறையில், வெளி மென்பொருளின் துணையின்றி உலாவியே வரைகிறது, உலாவியே நிரலை ஓட்டுகிறது. அதற்கு வழிவிட்ட டேக்குகளில் ஒன்றான கேன்வாஸை 2004-இல் ஆப்பிள் எதற்காக உருவாக்கியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)