குடவோலையும் தலைமையும்

ஒரு நோக்கத்தின் பொருட்டுக் கூடிய மக்கள் தம்முள் ஒருவரைத் தலைவராக்குதல் எளிது. ஆக்கிய தலைவரைத் தம்முள் ஒருவராகவே வைத்திருத்தல் அரிது. இவ்வரிய செயலுக்குத் தொண்டைநாட்டுப் பிராமணச் சபையொன்று கண்ட வழியினை உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே இன்றும் காணலாம். முதலாம் பராந்தக சோழனது ஆட்சியில் கி.பி. 919 ஆம் ஆண்டிலும் 921 ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுக்கள் அதனைக் கூறுகின்றன. ஒரே பொருளை இரண்டாண்டுக்குள் இருமுறை எழுத நேர்ந்தமை கருதத்தக்கது. முதல் விதி போதாதெனக் கண்ட சபையார் அதனைத் திருத்தினர். 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை 35 முதல் 70 வரை என மாறிற்று.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது ஈண்டு மனைவி மக்களைக் குறியாது, ஊரின் உட்பிரிவையே குறிக்கும். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் கட்டாக்கிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோரும் கூடிய மகாசபை நடுவே, கோயில் நம்பிமாருள் முதியவர் ஒருவர் அக்குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது யாதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க, அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓரோலையை வாங்குவர். ஓலையைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையிலேயே அதனை ஏற்றல் வேண்டும். அவன் வாசித்தபின் நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசிப்பர். கைக்குள் வேறோலை ஒளித்திருத்தல் கூடும் என்ற ஐயம் இவ்விதிக்குக் காரணம் போலும்!

இவ்வாறு வந்த முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியத்தையும், 12 பேர் தோட்ட வாரியத்தையும், 6 பேர் ஏரி வாரியத்தையும் ஏற்பர். பதவிக்காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவன் பெயர் குடத்தில் இடப்படாது. குற்றங் காணப்பட்டவன் காலம் முடியுமுன்னரே நீக்கப்படுவான்.

இவை யாவற்றினும் கடுமையானது கணக்குப் பற்றிய விதியாகும். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் பின்னர் ஒருபோதும் தெரிவுக்குரியனல்லன். அவ்வளவில் நில்லாது, தாயின் உடன்பிறந்தாளது மக்கள், மாமன் மக்கள், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான் என அவனது உறவினரையும் கல்வெட்டு நிரல்படக் கூறி விலக்குகின்றது. குற்றமற்ற மைத்துனன் என் செய்வான் என இக்காலத்தார் வினவலாம்; வினா நியாயமானதே. ஆயினும் உறவின் வழியே பதவி கைமாறுவதைச் சபையார் நன்கறிந்திருந்தனர் என்பதை இக்கடுமை புலப்படுத்துகின்றது. கணக்கெழுதுவோனும், தன் கணக்கை ஒப்புவித்து நேர்மையாளன் எனக் கொள்ளப்பட்ட பின்னரே மீண்டும் எழுதலாம்.

எனினும், இதனைக் குடியாட்சி எனப் புகழ்வோர் தகுதி விதிகளையும் உடன்படித்தல் வேண்டும். இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையார் பெயரே குடத்துட் புகும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவனுக்கு அரைக்கால் வேலி போதும். நிலமே இல்லாதவனுக்கு எக்கல்வியும் உதவாது. சபையோ பிராமண நிலவுடைமையாளருடையது. வயலில் உழைத்தோரும் பெண்டிரும் அதற்குப் புறம்பானவர். ஏரி நீர் அவர்தம் வாழ்வுக்கும் இன்றியமையாததே; ஏரி வாரியத்துக்குரிய ஓலைகளில் அவர் பெயர் இல்லை. பிராமணரல்லாதார் வாழ்ந்த இடங்களில் 'ஊர்' எனப்பட்ட வேறோர் அவை இருந்தது; அங்கும் நிலமுடையோரே பேசினர்.