செதுக்கப் பழகும் பிள்ளைக்கு எந்தக் கத்தி?

‘‘என் 14 வயது மகன் மரத்தில் பொம்மை செதுக்க ஆசைப்படுகிறான். எந்தக் கத்தி வாங்கித் தரலாம்?’’

மடக்குக் கத்தி வேண்டாம். பூட்டு இல்லாத கத்தி, முனையை அழுத்தும்போது மடங்கி விரலை நறுக்கிவிடும். பிடியோடு அசையாமல் பொருந்திய கத்தியே ஏற்றது. அலகு 2 முதல் 3 அங்குலம் போதும். நீளம் கூடினால் கைக்கு அடங்காது. பிடி, உள்ளங்கை நிறையும் பருமனில் மரத்தால் இருக்கட்டும். கார்பன் எஃகு அலகைத் தீட்டுவது எளிது. ஆனால், துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

‘சின்னப் பிள்ளைதானே, கொஞ்சம் மழுங்கலாகவே இருக்கட்டும்’ என்று நினைக்காதீர்கள். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ள வேண்டும். அப்போதுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். கத்தியோடு தீட்டுக்கல்லும் வாங்குங்கள். செதுக்குவதற்கு முன்பு தீட்டக் கற்றுக்கொடுங்கள்.

மரத்திலும் கவனம் தேவை. கருவேலம், புளி போன்றவை கடினமானவை; தொடக்கத்துக்கு ஆகாது. சென்னபட்டணா பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை நல்ல தேர்வு. காய்ந்த கட்டையைவிட, பச்சை மரம் எளிதாகச் சீவ வரும். அரளிக் குச்சியைத் தொடவே வேண்டாம், அது நஞ்சு.

உட்கார்ந்துதான் செதுக்க வேண்டும். கத்தி உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகப் போக வேண்டும். கட்டையைத் தொடைமேல் வைத்துச் சீவக் கூடாது. தொடையின் உட்புறம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. கட்டையைப் பிடிக்கும் கைக்கு, வெட்டுப்படாத கையுறை மாட்டிவிடுங்கள்.

பொம்மைக்கு அவசரம் வேண்டாம். நாற்றங்காலில் ரகத்தின் பெயர் எழுதி நடும் குச்சிகளை முதலில் சீவட்டும். கை பழகும்; குச்சியும் பயன்படும்.