கூட்டினால் வராத 42,360

பாபிலோன் சிறையிருப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்ணீரில் தொடங்குவது வழக்கம். கணக்கில் தொடங்கவும் எபிரேய வேதம் வேண்டிய அளவுக்கு இடம் தருகிறது.

எரேமியா நூலின் கடைசி அதிகாரத்தில் நாடுகடத்தல் மூன்று தவணையாகப் பதிவாகியிருக்கிறது. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் 7-ம் ஆண்டில் 3,023 பேர், 18-ம் ஆண்டில் 832, 23-ம் ஆண்டில் 745. மொத்தம் 4,600, கூட்டல் சரி. ஆனால் இராஜாக்கள் இரண்டாம் நூலில், கி.மு. 597-ல் போன முதல் கூட்டமே 10,000 பேர். ஒன்று ஆண்களை மட்டும் எண்ணியது, மற்றது குடும்பத்தோடு எண்ணியது என்று சமாதானம் சொல்வதுண்டு. எதை எடுத்தாலும் யூதா நாடு காலியாகிவிடவில்லை. அரசன், அதிகாரிகள், படைவீரர், தச்சர், கொல்லர் போனார்கள். நிலத்தை உழுத ஏழைகள் அங்கேயே விடப்பட்டார்கள். கைத்தொழில் தெரிந்தவன்மேல்தான் பேரரசுகளுக்கு எப்போதும் கண்.

பாபிலோன் தரப்புக் கணக்கும் கிடைத்திருக்கிறது. கி.மு. 592-ஐச் சேர்ந்த களிமண் பலகை ஒன்று அரண்மனைப் படி அளந்ததைச் சொல்கிறது. யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கு 10 சிலா எண்ணெய். அவன் மகன்கள் ஐவருக்கும் சேர்த்து 2½ சிலா. யூதா நாட்டார் 8 பேருக்கு ஆளுக்கு ½ சிலா. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். தகப்பனுக்கு இருபது பங்கு, இளவரசனுக்கும் மற்றவனுக்கும் ஒரே பங்கு.

எல்லோரும் அரண்மனையில் படி வாங்கிப் பிழைக்கவில்லை. பாபிலோனியாவின் கிராமப்புறத்தில் ‘யூதா ஊர்’ என்றே பெயர் பெற்ற குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் பலகைகளில் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. அவற்றில் புலம்பல் இல்லை. வாற்கோதுமைக் கடன், பேரீச்சம்பழ பாக்கி, நிலக் குத்தகை, அரசனுக்குச் செய்யவேண்டிய ஊழியம் இவைதான். நாடு கடத்தப்பட்டு ஒரு தலைமுறை முடிவதற்குள் இவர்கள் வரி கட்டும் குடியானவர்கள் ஆகிவிட்டார்கள்.

கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்த பாரசீக அரசன் கோரேசு, திரும்பிப் போகலாம் என்றான். எருசலேம் ஆலயத்தில் கொள்ளைபோன பாத்திரங்களையும் எண்ணிக் கொடுத்தான். எஸ்றா நூல் தரும் பட்டியல்: பொற்தாலம் 30, வெள்ளித்தாலம் 1,000, கத்தி 29, பொற்கிண்ணம் 30, வெள்ளிக் கிண்ணம் 410, மற்றவை 1,000. கூட்டினால் 2,499. நூல் போடும் மொத்தமோ 5,400.

ஆள் கணக்கிலும் இதே கதை. திரும்பியவர்கள் 42,360 பேர் என்பதில் எஸ்றா நூலும் நெகேமியா நூலும் ஒத்துப்போகின்றன. குடும்பவாரியாகக் கூட்டினால் எஸ்றாவில் 29,818, நெகேமியாவில் 31,089. அஸ்காத் வம்சத்தில் மட்டும் 1,100 பேர் வித்தியாசம்: முன்னதில் 1,222, பின்னதில் 2,322. எழுத்தர்கள் படியெடுத்தபோது நேர்ந்த பிசகு என்பது பொருத்தமான விளக்கமாகத் தெரிகிறது.

எனக்கு மொத்தத்தைவிடச் சில்லறை எண்கள்தான் முக்கியம். ஆசாரியர்கள் 4,289 பேர் வந்தார்கள்; அவர்களுக்குக் கீழே ஆலய வேலை பார்க்கும் லேவியர்கள் 74 பேர்தான். எடுபிடி வேலைக்கு எருசலேம்வரை நடப்பானேன் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். விடுதலையான கூட்டத்தோடு 7,337 அடிமைகளும் போனார்கள், ஏறக்குறைய ஆறு பேருக்கு ஓர் அடிமை. கழுதைகள் 6,720. இல்லாதவர்களின் ஊர்வலம் அல்ல இது. அவ்வளவு வசதியிருந்தும் வம்சத்தை நிரூபிக்க முடியாதவர்கள் 652 பேர்.

போகாதவர்கள் பட்டியலை யாரும் எழுதவில்லை. கி.மு. 445 வாக்கில் பாரசீக அரசனிடம் பணியாற்றிய நெகேமியா வந்து 52 நாளில் எருசலேம் மதிலைக் கட்டி முடித்தார். அந்தக் காலத்திலும் நிப்பூர் நகரத்து முராஷு குடும்பத்தின் வணிகப் பலகைகளில் யூதப் பெயர்கள் குத்தகைதாரர்களாகவும் சாட்சிகளாகவும் வந்துகொண்டிருந்தன. யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத் உருவானது இப்படித் தங்கியவர்களின் வழிவந்த சமூகத்தில்தான்.

அந்தச் சமூகம் பாபிலோனியா இருந்த நிலமான ஈராக்கை விட்டுப் பெருமளவில் கிளம்பியது 1950-51-ல். குடியுரிமையைத் துறந்தால் போகலாம் என்று ஈராக் சட்டம் போட்ட பிறகு. ஏறத்தாழ 1,20,000 பேர் இஸ்ரேலுக்கு விமானம் ஏறினார்கள், கோரேசு காலத்துக் கூட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த நடவடிக்கைக்கு எஸ்றா, நெகேமியா பெயர்களையே வைத்தார்கள். ஆனால் இதை மீள்வரவு என்று வரவு வைப்பதா, இன்னொரு நாடுகடத்தல் என்று பற்று எழுதுவதா என்பதில் பாக்தாதிலிருந்து வந்தவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வயதுவந்த ஒருவர் கையில் கொண்டுபோக முடிந்தது 50 தினார். மிச்சச் சொத்தை 1951 மார்ச்சில் ஈராக் அரசு முடக்கியது.