பேரிடருக்குப் பின் பல்கலைக்கழகத்தின் பணி

தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாடு, உவரி, இடிந்தகரை எனத் தொடரும் கரையின் தென்முனையருகே கூடங்குளம் அணுமின் நிலையம் உள்ளது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஆழிப்பேரலை ஃபுகுஷிமா அணு உலைகளைச் சிதைத்தபின், அவ்வாண்டிலேயே இடிந்தகரை மீனவர் போராடத் தொடங்கினர். உலை வேண்டுமா, வேண்டாமா என்னும் வாதம் ஈண்டு நம் பொருளன்று. கேடு நேர்ந்த இடத்தில் மக்கள் மீண்டும் வாழ்வதற்குப் பல்கலைக்கழகங்கள் எவ்வாறு துணைநின்றன என்பதையே ஆராய முற்படுகிறோம்.

ஃபுகுஷிமாவின் மலைக்கிராமமாகிய கவாவுச்சியின் மக்கள் அனைவரும் 2011 மார்ச்சில் வெளியேறினர். 2012 சனவரியில் ஊர்த்தலைவர் அவர்களைத் திரும்பி வருமாறு அழைத்தார். ஆனால் எதை நம்பித் திரும்புவது? உணவிலுள்ள சீசியத்திற்கு முதலில் கிலோவுக்கு 500 பெக்கரல் என்றிருந்த வரம்பு, 2012 ஏப்ரலில் 100 ஆகக் குறைக்கப்பட்டது. எச்சரிக்கை கருதிச் செய்யப்பட்ட இம்மாற்றமே, நேற்றுவரை உண்டதன் நிலை என்ன என்னும் ஐயத்தையும் கிளப்பிற்று.

இந்நிலையில் 2013இல் நாகசாகிப் பல்கலைக்கழகம் அவ்வூரோடு உடன்படிக்கை செய்து, அங்கேயே ஓர் அலுவலகம் திறந்தது. அதன் மருத்துவக் கல்லூரி 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டால் அழிந்து, ஆசிரியரும் மாணவருமாக நூற்றுக்கணக்கானோரை இழந்தது என்பதை நினைவிற்கொள்வோமாக. அங்கிருந்து வந்த பொதுச்சுகாதாரச் செவிலி ஒருவர் ஊரிலேயே தங்கினார். மண், கிணற்று நீர், தோட்டக் காய்கறி, மக்கள் காட்டிலிருந்து பறித்துவரும் காளான் ஆகியவை அளக்கப்பட்டன. வீடு வீடாகச் சென்று அந்த எண்ணின் பொருள் விளக்கப்பட்டது. காளானில் அளவு அடிக்கடி வரம்பை மீறிற்று, அதுவும் சொல்லப்பட்டது. காலப்போக்கில் ஊராரில் பெரும்பகுதியினர் திரும்பினர். எனினும் இளங்குடும்பங்கள் பல திரும்பவில்லை.

எல்லாப் பணியும் இவ்வாறு கைகூடிற்று என்று கூறோம். ஃபுகுஷிமா மருத்துவப் பல்கலைக்கழகம், விபத்தின்போது 18 வயதும் அதற்குக் குறைவுமாயிருந்த ஏறத்தாழ 3,80,000 பேருக்குத் தைராய்டுச் சோதனையை ஏற்படுத்தியது. நுண்ணிய கருவிகள், வாழ்நாள் முழுதும் தொல்லை தராத சிறு புற்றுகளையும் காட்டிவிடும். ஆதலால் அச்சத்தைப் போக்க வந்த சோதனையே தேவையற்ற அறுவைக்கும் அச்சத்திற்கும் வழிகோலிற்றோ என்னும் விவாதம் அறிஞரிடையே நிகழ்கிறது.

கடலிலோ மீட்சி மெதுவாக வந்தது. 2012 சூனில் சோமா கரையோரத்தில் சோதனை மீன்பிடிப்பு தொடங்கியபோது அனுமதிக்கப்பட்டவை இருவகைப் பேய்க்கணவாயும் ஒருவகைக் கடல் நத்தையும் மட்டுமே. அரசின் வரம்பு 100 ஆயிருக்க, மீனவர் சங்கத்தார் தாமே 50 என வகுத்துக்கொண்டனர். கடுமையான வரம்பைப் பிறர் சுமத்தாமல் மீனவரே ஏற்றது நம் கவனத்திற்குரியது.

நம் கரைக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. முத்துக்குளிப்புக்கு முன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டுக் குளிப்பே இங்கு கடைசிப் பெருங்குளிப்பு, பார்கள் மெலிந்துபோயின.

இன்று கூடங்குளச் சுற்றுப்புறத்தை அணுசக்தித் துறையின் ஆய்வகம் அளந்துவருகிறது. அளவில் பிழையுண்டு என்று நாம் சொல்லவரவில்லை. உலையை நடத்துவதும் அளப்பதும் ஒரே துறையாயிருப்பின், உண்மையான எண்ணும் ஐயத்திற்குள்ளாகும் என்பதே நம் கருத்து. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி உண்டு. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உண்டு. கேடு எதுவும் நேராத இக்காலத்தில் மீனில் உள்ள இயல்பான அளவை மீனவர் முன்னிலையில் அவை அளந்து வைத்தாலன்றி, பின்னொருநாள் எதனோடு ஒப்பிடுவது?

கரையோரச் சபைகளில் பணியாற்றும் குருமார் அந்த எண்களுக்குத் தாமே விளக்கம் கூற முற்படாதிருப்பது நலம். கல்லூரி ஆசிரியரைத் திரேஸ்புரத்து மீன் ஏலக்கரைக்கு அழைத்துவருவதும், வலைஞரும் மீன் விற்கும் பெண்களும் கேட்பதற்கு அவர் நின்று விடையளிக்கச் செய்வதும் அவர்களால் இயலும்.