கொழும்பை விட்டு நீர்கொழும்புக்கு



நீர்கொழும்பிலிருந்து காலையிற் புறப்படும் புகையிரதத்தை ஒருமுறையேனும் கண்டவர்களுக்கு, அதிற் பிரயாணஞ் செய்வோர் படும் பாட்டை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நகரம் கொழும்புக்கு வடக்கே ஏறக்குறைய 37 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. றாகமையிற் பிரிந்து செல்லும் புகையிரதப் பாதை 1909ஆம் ஆண்டளவில் இந்நகரை அடைந்தது. அன்று தொடக்கம் கடலையும் களப்பையும் நம்பி வாழ்ந்த ஊரிலே, தலைநகரின் கந்தோர்களை நம்பி வாழ்வோரும் பெருகினர். 240ஆம் இலக்கப் பேருந்துகளும் 2013ஆம் ஆண்டு ஒக்டோபரிற் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையும் பின்னர் அவர்களுக்குத் துணையாயின. ஆயினும், அவ்வதிவேகப் பாதை கட்டுநாயக்கவில் முடிந்துவிடுகின்றது. எஞ்சிய தூரத்தை ஊர்த் தெருக்களிலேதான் கடக்கவேண்டும். வீட்டுத் தரகர்கள் இதனைச் சொல்ல மறந்துவிடுவதுண்டு.

இப்பொழுது வேறொரு வகைக் குடியிருப்பாளர் அங்கே வந்து சேர்கின்றனர். அவர்களது சம்பளம் கொழும்பிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வருகின்றது. அவர்களோ காலைப் புகையிரதத்தில் ஏறுவதில்லை. வீட்டறையிற் கணினியின் முன் அமர்ந்தே வேலையை முடித்துவிடுகின்றனர். இவ்வழக்கத்துக்கு 1973ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான ஜாக் நில்ஸ் என்பவர் ஒரு பெயர் சூட்டினார். தொழிலாளி வேலைத்தலத்துக்குச் செல்வதை விடுத்து, வேலையைத் தொழிலாளியிடம் அனுப்பினால் என்ன என்பதே அவரது வினா. நம் நாட்டில் அதற்கு விடை ஆராய்ச்சியினால் வரவில்லை, இடரினால் வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத ஊரடங்கும், 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சமும் வீட்டைக் கந்தோராக்கின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கமே தன் உத்தியோகத்தர்களை வீட்டிலிருந்து பணியாற்றுமாறு பணித்தது.

இனி, இடம்பெயர எண்ணுவோர் போடும் கணக்கைப் பார்ப்போம். கொழும்பில் இரண்டு அறைகளுக்குக் கொடுக்கும் வாடகைக்கு நீர்கொழும்பிற் கிணறும் தென்னையும் உள்ள வளவொன்று கிடைக்கக்கூடும் என்பது அக்கணக்கின் முதல் வரி. அது பெரும்பாலும் பொய்யன்று. ஆனால், அடுத்த வரிகளை எழுதாமலே பலர் கூட்டுத்தொகை போட்டுவிடுகின்றனர்.

முதலாவதாக, முதலாளி கொடுத்த சம்மதம் எழுத்தில் உள்ளதா? வாய்மொழியாற் கிடைத்த சலுகை, மேலதிகாரி மாறியதும் மறைந்துபோகும். கிழமையில் இரண்டு நாட்கள் வந்து போங்கள் என்று கட்டளை பிறந்தால், அவ்விரண்டு நாட்களிலும் மூன்று மணித்தியாலமேனும் வழியிற் கழியும். அது தாங்கக்கூடியதே. ஐந்து நாட்கள் என்றால், இடம்பெயர்ந்ததன் நோக்கமே கெட்டுவிடும்.

இரண்டாவதாக, வீட்டில் உழைப்பவர் ஒருவர் மாத்திரமா? கணவன் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், மனைவியோ கொழும்பில் ஆசிரியையாக அல்லது தாதியாகக் கடமையாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவன் கைவிட்ட பிரயாணம் அப்பெண்மணியின் தலையில் ஏறுகின்றது. விடியுமுன் எழுந்து, அனைவருக்கும் சமைத்துவைத்து, நெரிசலில் நின்றுகொண்டு செல்பவர் அவரே. குடும்பத்துக்கு இலாபம் என்று சொல்லப்படுவது யாருக்கு இலாபம் என்பதை ஒரு மாலைப்பொழுதிலாவது இருவரும் அமர்ந்து பேசவேண்டும்.

பிள்ளையின் பாடசாலையும் அத்தகையதே. முதலாம் வகுப்பு அனுமதியில் வதிவிடத்தை நிரூபிக்க, முந்திய சில ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அவ்விடத்திற் பதிந்திருத்தல் முக்கியமாகும். பிள்ளைக்கு நான்கு வயதானபின் வீடு மாறும் பெற்றோர் பழைய ஊரின் உரிமையையும் இழந்து, புதிய ஊரின் உரிமையையும் பெறாது திண்டாட நேரும். தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலைகள் நீர்கொழும்பில் உள்ளன என்பது நம்மவர்க்கு ஆறுதல். கடற்கரைத் தெருவின் கோயில்களும் அவ்வாறே. அங்குள்ள மீனவர் சிலரின் தமிழ் தனிச் சுவையுடையது. சிங்களத்தோடு நெடுங்காலம் பழகியமையால், நான், நீ, அவன் என்னும் வேறுபாடு வினைமுற்றின் ஈற்றிலே தோன்றாத பேச்சு அது. மொழியியலார் அதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். இலக்கணம் கற்றவர்கள் அதைத் திருத்த முற்படாமற் காதுகொடுத்துக் கேட்பது நல்லது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபநிலையத்திற் குரங்கொன்று புகுந்ததாற் தீவு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. கந்தோரில் இருப்பவருக்கு மின்பிறப்பாக்கி உண்டு. வீட்டிலிருப்பவர் பற்றரியைத் தாமே வாங்கவேண்டும். கடற்காற்றின் உப்பு கணினியின் உலோகப் பாகங்களை அரிக்கும் என்பதால், கடலை நோக்கிய சாளரத்தருகே மேசையைப் போடும் ஆசையையும் அடக்கவேண்டும். மழைக்காலத்தில் நுளம்பு வேறு. கம்பகா மாவட்டம் டெங்குக் காய்ச்சலுக்குப் பெயர்போனது.

இவை எல்லாவற்றிலும் பெரியது நேரம் என்பேன். இலண்டனிற் கோடை காலத்தில் காலை 9 மணியாகும்போது நமக்குப் பிற்பகல் 1.30; மாரியில் 2.30. நியூயோர்க்குடன் தொழில் செய்வோருக்குக் கோடையில் மாலை 6.30 மணிக்கே வேலை தொடங்கி, நள்ளிரவு கடந்து 2.30க்கு முடியும், மாரியில் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தும். பிள்ளை பாடசாலையால் வரும் வேளையிற் தந்தை உறங்குவார். அவர் விழித்திருக்கும் வேளையில் ஊரே உறங்கும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம் என வரையறுத்தது. கதவு திறப்பதும் மூடுவதும் கண்ணுக்குத் தெரியும் வேலைத்தலங்களை மனத்திற் கொண்டு எழுந்த சட்டம் அது. படுக்கையறையின் மூலையிலுள்ள கந்தோருக்குக் கதவேது? இரவு பத்து மணிக்கு வரும் ஒரு சிறு கேள்விக்கு விடையளிப்பது வேலையா, மரியாதையா என்பதைத் தொழிலாளியே தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. பெரும்பாலோர் மரியாதை என்றே தீர்மானிக்கின்றனர். பேருந்தில் மிச்சமான மூன்று மணித்தியாலமும் அவ்வழியே முதலாளியின் கணக்கிற் சேர்ந்துவிடுகின்றது.

ஆகவே போகவேண்டாம் என்று நான் கூறவரவில்லை. மாலையிற் களப்பின் ஓரமாக நடந்துவரவும், காலையிற் கரைசேர்ந்த மீனை வாங்கிவந்து சமைக்கவும் கிடைப்பது அற்ப பேறன்று. ஆனால் முதலில் ஒரு மாதத்துக்கு மாத்திரம், மழைக்காலத்திலே, ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வார நாளொன்றில் காலைப் புகையிரதத்தில் ஏறிக் கொழும்பு சென்று மீளுங்கள். இரவு வேலையின்போது இணையத் தொடர்பு எத்தனை முறை அறுந்தது என்று குறித்துவையுங்கள். கொழும்பு வீட்டின் திறப்பை உரியவரிடம் ஒப்படைப்பதை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.