மார்லா ரன்யன்: மங்கிய பார்வை, மங்காத ஓட்டம்

1500 மீட்டர் ஓட்டம் மைதானத்தை மூன்றே முக்கால் சுற்று வரும் பந்தயம். ஆளுக்கொரு தனிப் பாதை கிடையாது. எல்லோரும் உள்கோட்டை ஒட்டி நெருக்கியடித்து ஓடுவார்கள். முழங்கை இடிக்கும், ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணி காலைக் கீறும். அந்த நெரிசலில், எதிரில் இருப்பவர் முகம் தெரியாமலேயே ஓடிச் சாதித்தவர் அமெரிக்காவின் மார்லா ரன்யன்.

1969ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய் இருப்பது தெரியவந்தது. இந்த நோயில் பார்வையின் நடுப்பகுதி மங்கிவிடும். ஓரப் பார்வை மட்டும் மிஞ்சும். கண்ணாடி போட்டும் சரிசெய்ய முடியாது.

மார்லா ஓட்டத்தை விடவில்லை. 1992 பார்சிலோனா பாராலிம்பிக்கில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் தங்கம் வென்றார். பிறகு நடுத்தர தூர ஓட்டத்துக்கு மாறி, 1999 பான் அமெரிக்கன் போட்டியில் 1500 மீட்டர் தங்கத்தைப் பெற்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில், முழுப் பார்வை உள்ளவர்களோடு 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடி எட்டாவது இடம் பிடித்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 5000 மீட்டரிலும் ஓடினார்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பார்வை குறைந்த பிள்ளையை விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார வைக்காதீர்கள். தகுந்த துணையும் பயிற்சியும் தந்து மைதானத்தில் இறக்கிவிடுங்கள்.