வட்டியில்லாத பணம் வாசலுக்கு வந்தால்...

"வட்டி கிடையாது, ஈடு கிடையாது, திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஐம்பது லட்சம் தர்றாங்க அத்தை!"

போன தை மாசம் என் மருமகள் இப்படிச் சொன்னதும், கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஈரோட்டில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நாலு வருஷமாகச் சத்து மாவு தயாரித்து விற்கிறாள். கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் வறுத்து அரைப்பாள். கூட ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

"சும்மா யார் கண்ணு பணம் தருவாங்க?" என்றேன்.

சும்மா இல்லை. தொழிலில் நூற்றுக்கு இருபது பங்கு கேட்கிறார்கள். துணிகர முதலீடு என்று இதற்குப் பெயர். தொழில் நொடித்தாலும் வங்கி அசலையும் வட்டியையும் கேட்கும். இவர்கள் கேட்பதில்லை, ஜெயித்தால் மட்டும் பங்கு. பத்துத் தொழிலில் போட்டால் பல முழுகிப்போகும். ஒன்றிரண்டு பல மடங்கு பெருகி அந்த நஷ்டத்தையும் சேர்த்துத் தர வேண்டும். போதாததற்கு, அவர்கள் போடுவதும் பிறர் பணம்தான். சுமார் பத்து வருஷத்தில் திருப்பித் தர வேண்டும். அதனால்தான் எல்லோரையும் 'சீக்கிரம் பெரிசாகு' என்று விரட்டுகிறார்கள்.

இதில் நன்மையே இல்லையா? உண்டு. ஈடு வைக்க நிலமோ நகையோ இல்லாதவர்களுக்கு இது பெரிய கை. இட்லி மாவு விற்கும் ஐடி ஃபிரெஷ், 2005-இல் பெங்களூரில் ஒரு சின்னஞ்சிறு சமையலறையில் தொடங்கியது. 2014-இல் 35 கோடி ரூபாய் முதலீடு வந்தது. இன்று பல ஊர்களிலும் துபாயிலும் அந்த மாவு கிடைக்கிறது. ஆனால் 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புச் சொல்லப்பட்ட பைஜூஸ், 2024-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. மாறாக, 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம், உறுப்பினர் பெண்களையே உரிமையாளராக வைத்து வளர்ந்தது.

என் மகனுக்கு ஒரே ஆசை. "இப்படி வாய்ப்பு மறுபடி வருமாம்மா?" என்றான். ஒப்பந்த நகலை ஆடிட்டரிடம் காட்டினோம். தொழிலை விற்றால் முதலில் அவர்கள் ஐம்பது லட்சத்தை எடுத்த பிறகே மற்றவர்களுக்கு மிச்சம். புதுக் கடன் வாங்க அவர்கள் சம்மதம் வேண்டும். இரண்டு வருஷத்தில் எட்டு ஊரில் விற்க வேண்டும். மாவை வெளி மில்லில் அரைக்க வேண்டும்.

மருமகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அடுப்படியில நிக்கற ஆறு பேர்கிட்ட என்ன அத்தை சொல்றது?" என்றாள்.

இப்போதைக்கு வேண்டாமென்று எழுதிவிட்டு, ஈடு கேட்காத முத்ரா திட்டத்தில் எட்டு லட்சம் கடன் வாங்கினாள். மாசம் பிறந்தால் தவணை நெஞ்சில் இடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வறுக்கும் சட்டி அவள் கையில் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வாசலுக்கும் இப்படிப் பணம் வரலாம். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்:

* எத்தனை பங்கு போகிறது? இருபது பங்குக்கு ஐம்பது லட்சம் என்றால், முழுத் தொழிலின் மதிப்பு இரண்டரைக் கோடி. அது சரிதானா?
* எத்தனை வருஷத்தில், எப்படி வெளியேறுவார்கள்?
* விற்றால் முதல் பணம் யாருக்கு?
* எந்த முடிவுக்கெல்லாம் அவர்கள் அனுமதி வேண்டும்?

வேகமாக வளர வேண்டிய தொழிலுக்கு அந்தப் பணம் நல்ல உரம்தான். நம் தொழில் எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகு உரம் போடலாமே!